கடைசி நடையை வெட்டினால் காலை நடையும் போகும்

பஸ் டிப்போவில் டிராபிக் பிரிவில் இருந்தவன் என்பதால், காரைக்குடி சுற்றுப்பக்கம் எங்கே போனாலும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "புது பஸ்ஸெல்லாம் வருதுங்கிறாங்க, எங்க ஊருக்கு மட்டும் ஏன் நடையைக் குறைச்சாங்க?" நடை என்றால் பஸ் ஓடும் ஒரு டிரிப்.

பஸ் வாங்கும் பணம் வேறு, ஓட்டும் பணம் வேறு. வாங்குவதற்கு ஜெர்மனியின் கே.எப்.டபிள்யூ. வங்கி வரை கடன் தர ஆள் இருக்கிறது. கொடியசைக்க விழாவும் உண்டு. டீசலுக்கும் சம்பளத்துக்கும் யார் விழா எடுப்பார்கள்?

ரயிலிலும் இதே கூத்துதான். காரைக்குடி – திருவாரூர் பாதையை மூடிப்போட்டு, வருஷக்கணக்கில் செலவழித்து அகலப்பாதையாக்கினார்கள். 2019-இல் ரயில் விட்டபோது லெவல் கிராசிங்குகளுக்கு கேட் கீப்பர்கள் இல்லை. அதனால் அவர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும், ஒருவர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார். தாண்டியதும் மறுபடி நிற்கும், இன்னொருவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். சுமார் 150 கி.மீ. போக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தண்டவாளத்துக்குக் கிடைத்த பணம் ஆளுக்குக் கிடைக்கவில்லை.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். ஒரு நடையை வைப்பதா எடுப்பதா என்று பார்க்கும்போது மேஜையில் இருப்பது கி.மீ.க்கு எவ்வளவு கலெக்‌ஷன் என்ற கணக்கு. கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூர், கோட்டையூர் வழியாக வரும் காலை டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். படியில் கால் வைக்க இடமிருக்காது, ஆனால் கண்டக்டர் பையில் சில்லறைதான் கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பாஸ். பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. அந்தத் தொகையை அரசு, போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. ஏறியவர்கள் கணக்கில் வருவது கண்டக்டர் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டில்தான். ஆகவே ஆச்சி, "ஓசி டிக்கெட்டு எதுக்குப்பா" என்று விட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு நடையையும் தனித்தனியாகத் தராசில் வைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இரவு ஒன்பது மணி நடையில் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். காகிதத்தில் அது நஷ்டம். அதை எடுத்தால் என்ன நடக்கும்? ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் கடை சாத்தி வீடு திரும்ப வழியில்லை. ஒன்று வேலையை விடுவாள், இல்லை கடன் வாங்கி ஸ்கூட்டி எடுப்பாள். எப்படியும் காலை நடையிலும் ஏறமாட்டாள். அப்புறம் காலை நடைக்கும் கூட்டம் குறைந்துவிட்டது என்று அடுத்த கணக்கு வரும்.

அந்தக் கடைசி நடை பல ஊர்களில் நைட் ஹால்ட். இரவு பஸ் ஊரிலேயே தங்கி, விடியற்காலை முதல் நடையாகக் கிளம்பும். டிரைவரும் கண்டக்டரும் பெரும்பாலும் பஸ்ஸுக்குள் சீட்டில்தான் படுப்பார்கள், கொசுவர்த்தி ஏற்றிவைத்துக்கொண்டு. காலையில் குளிக்கத் தண்ணீருக்கு அலைவார்கள். முகப்பும் வளவுமாக இத்தனை செட்டிநாட்டு வீடுகள் பூட்டிக்கிடக்கும் சீமையில் இரண்டு பேர் படுக்க இடமில்லை! ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் அடிபடுவது இந்த டூட்டிதான். கழிப்பறையோடு ஒரு அறையை ஊர் ஒதுக்கிக் கொடுத்தால் ஹால்ட்டை எடுக்கச் சொல்லப்படும் காரணங்களில் பாதி போய்விடும். இதற்குப் பெரிய செலவில்லை.

பெரிய பஸ் நுழையாத ஊருக்கு மினி பஸ் கேட்கலாம். 1997 திட்டத்தில் பாதையின் நீளம் மொத்தம் 20 கி.மீ.தான். 2025-இல் வந்த புதிய திட்டத்தில் 25 கி.மீ. வரை போகலாம். மனுவில் வெறுமனே "பஸ் வசதி வேண்டும்" என்று எழுதினால் அது பைலில் தூங்கும். எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எந்தப் பள்ளி, எந்த ஆஸ்பத்திரி என்று எழுதி, கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கலெக்டரிடம் கொடுங்கள். பெர்மிட் தரும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் அவர்தான்.

அடுத்து வரப்போவது மின்சாரப் பஸ். சென்னை வியாசர்பாடியில் 2025 ஜூனில் 120 பஸ்களோடு தொடங்கிவிட்டார்கள். கி.மீ.க்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் முறை அது. பஸ் எல்லாம் இரவில் டிப்போவுக்குத் திரும்பிச் சார்ஜ் ஏறும். நம் பக்கம் வரும்போது, இரவில் ஊரில் தங்கும் பஸ்ஸுக்கு எங்கே சார்ஜ் போடுவது என்று யாராவது இப்போதே கேட்டாக வேண்டும். டெண்டர் முடிந்த பிறகு கேட்டால், "டிப்போவுக்கு வந்தே ஆகணும்" என்று சொல்லி நைட் ஹால்ட்டை மொத்தமாக எடுத்துவிடுவார்கள்.