காய்ச்சல் இல்லை என்று காத்திருக்காதீர்கள்

மறுபடியும் ஒன்று. அறுபதைத் தாண்டியவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர், கழுத்தில் கதீட்டர், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்க்குள் செருகிய குழாய். சனிக்கிழமை இரவே உடம்பு தளர்ந்துவிட்டது. ஞாயிறு முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை, திங்கட்கிழமை சம்பந்தமில்லாமல் ஏதோ பேசியிருக்கிறார். வீட்டில் மூன்று தடவை காய்ச்சல் பார்த்து ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தார்கள்: 97.8, 98.2, 98.6. "காய்ச்சலே இல்லையே டாக்டர், எப்படியும் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்கு வருவோமே, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்துட்டோம்" என்றார் மகன்.

செவ்வாய்க்கிழமை மெஷினில் இணைத்த அரைமணி நேரத்தில் கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர்நடுக்கம். ரத்த அழுத்தம் 80க்கு இறங்கிவிட்டது. கதீட்டரின் உட்சுவரில் பாசி போலப் படிந்திருந்த கிருமிகளை ரத்த ஓட்டம் அடித்துக்கொண்டு உடம்பெல்லாம் பரப்பிவிட்டது. மெஷினில் போட்டதும் நடுக்கம் வருகிறதென்றால் எங்கள் கண் முதலில் கதீட்டருக்குத்தான் போகும். ஐ.சி.யு.வில் ஒன்பது நாள் போராடினோம். பிழைத்தார். இதே கதையில் பிழைக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மகன்மேல் எனக்குக் கோபமில்லை. பொட்டாசியம் பற்றிச் சொன்னோம், தண்ணீர் அளவு பற்றிச் சொன்னோம், உப்பு பற்றி நூறு முறை சொன்னோம். சிறுநீரகம் கெட்டால் நோய் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து கெடும் என்பதை உறைக்கும்படி யாரும் சொல்லவில்லை. டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் இதய நோய்க்கு. அடுத்த இடம் கிருமித் தொற்றுக்கு. சிறுநீரகத்தின் வேலையை அளக்க ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினினுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஆனால் ஆலோசனை அறையில் கேட்கப்படும் பத்துக் கேள்விகளில் எட்டு கிரியேட்டினின் பற்றித்தான்.

வெளியேற வேண்டிய கழிவுகள் ரத்தத்திலேயே தேங்கும்போது வெள்ளையணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதும் அதை விழுங்கிக் கொல்வதும் தாமதமாகின்றன. எதிரியை நினைவில் வைத்துக்கொள்ளும் அணுக்கள் எண்ணிக்கையிலும் குறைகின்றன. டயாலிசிஸ் செய்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். ஓரளவுதான். புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நச்சுகளை மெஷினால் முழுவதும் இழுக்க முடியாது. "வெள்ளையணு எண்ணிக்கை நார்மல்" என்று ரிப்போர்ட்டில் வந்தால் அதில் நிம்மதி கொள்ளாதீர்கள். தலைக்கணக்கு சரியாக இருக்கலாம், வேலை நடக்கிறதா என்பதை அந்த ரிப்போர்ட் சொல்லாது.

இனி, காய்ச்சல் இல்லையென்றால் தொற்றும் இல்லை என்ற, என்னை அதிகம் வருத்தும் அந்த நம்பிக்கைக்கு வருகிறேன். காய்ச்சலைக் கிருமி உண்டாக்குவதாக நினைக்கிறோம். உண்டாக்குவது நம் உடம்பு. கிருமியைக் கண்ட பாதுகாப்பு அணுக்கள் மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன, மூளை வெப்பத்தை ஏற்றுகிறது. தகவல் அனுப்ப வேண்டியவர்களே சோர்ந்து கிடந்தால் வெப்பம் எப்படி ஏறும்? கிருமி பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும், தெர்மாமீட்டர் 98 காட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களில் பலருக்கு உடம்பின் சாதாரண வெப்பமே மற்றவர்களைவிடக் குறைவு. தினமும் 96.8 இருப்பவருக்கு இன்று 99 என்றால், அது இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றம். மற்றவர்களுக்கு 99 ஒன்றுமில்லை, இவருக்கு அது எச்சரிக்கை. டயாலிசிஸ் பிரிவுகளில் 100 டிகிரியை, அதாவது 37.8 செல்சியஸைத் தொட்டாலே சந்தேகப்படுவதும் இதனால்தான். அதற்கும் கீழே இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பதும் தவறு. நடுவில் ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காய்ச்சல் பார்ப்பவர்களை என்ன சொல்வது! மாத்திரை இறக்கிய வெப்பத்தைப் பார்த்து நோய் இறங்கிவிட்டதாக நம்புகிறார்கள்.

காய்ச்சலைவிட மற்றவற்றைப் பாருங்கள். காரணமில்லாத அசதி, தூங்கிக்கொண்டே இருப்பது, பேச்சில் குழப்பம், சாப்பாட்டைக் கண்டால் வெறுப்பு, வழக்கத்தைவிடக் குறைந்த ரத்த அழுத்தம், திடீரென்று தாறுமாறாகும் சர்க்கரை, மூச்சு வாங்குவது. வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வெளிவரும் திரவம் கலங்கலாக இருந்தால், வலி இருக்கிறதோ இல்லையோ, அன்றே வர வேண்டும். அந்தத் திரவம் வடிந்த பையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதிலிருந்துதான் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியும்.

காசநோயும் இவர்களிடம் ஒளிந்துதான் வரும். இருமல் இல்லாமல், கழுத்தில் ஒரு நெறிக்கட்டியாக, நுரையீரலைச் சுற்றி நீராக, அல்லது வெறும் எடைக் குறைவாக. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனைகூடப் பொய்யாக 'இல்லை' என்று காட்டிவிடும், ஏனென்றால் அந்தத் தடிப்பை உண்டாக்கவும் எதிர்ப்புச் சக்தி வேண்டும்.

கதீட்டர் விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். அது ரத்தக்குழாய்க்குள் நேராகத் திறக்கும் வாசல். கட்டு நனையக் கூடாது. நனைந்தால் நாளை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. மெஷினில் இணைக்கும்போதும் கழற்றும்போதும் செவிலியரும் நோயாளியும் மாஸ்க் போட வேண்டும். செவிலியர் மறந்தால் நீங்கள் கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நரம்பு கிடைக்கவில்லை என்று யாராவது கதீட்டர் வழியாக டிரிப்ஸ் ஏற்ற வந்தால், டயாலிசிஸ் டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள். எல்லாவற்றையும்விட, ஃபிஸ்டுலாவை, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைக்கும் சிறு அறுவையை, தள்ளிப்போடாதீர்கள். அது பழுத்து ஊசி போடத் தயாராக ஒன்றரை முதல் மூன்று மாதம் ஆகும். "இப்பவே எதுக்குக் கையை வெட்டணும்" என்று தள்ளிப்போட்டவர்கள்தான் அவசரத்தில் கழுத்தில் குழாயோடு டயாலிசிஸை ஆரம்பிக்கிறார்கள். ஃபிஸ்டுலா இருந்தால் ஊசி போடுமுன் அந்தக் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். இவ்வளவுதான் வேலை.

தடுப்பூசிக்கு வருவோம். ஹெபடைட்டிஸ் பி ஊசி இவர்களுக்குச் சாதாரண அளவில் போதாது. பெரும்பாலும் இரட்டிப்பு அளவு, 40 மைக்ரோகிராம் போடுகிறோம். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். 10க்குக் கீழே இருந்தால் மறுபடி போட வேண்டும், ஏறியிருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு போடுவதைவிட முன்பே போட்டால் உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே கிரியேட்டினின் ஏறத் தொடங்கிய உடனேயே இந்தப் பேச்சை எடுங்கள். இன்ஃபுளுவென்சா ஊசி வருடா வருடம், நிமோனியா ஊசி டாக்டர் சொல்லும் கணக்குப்படி. ஊசி போட்டால் சிறுநீரகம் இன்னும் கெடும் என்று பயந்து மறுப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் திட்டம் இருந்தால் எல்லா ஊசிக் கணக்கையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளை அறுவைக்குப் பின் பொதுவாகப் போட மாட்டோம்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி, கஷாயம் என்று யார் கொடுத்தாலும் வேண்டாம். அதில் எவ்வளவு பொட்டாசியம், என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியாது, அதை வெளியேற்றவும் உங்களிடம் சிறுநீரகம் இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். அக்கிக்கு வழக்கமான அளவில் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, மகளையே அடையாளம் தெரியாமல் வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மருந்து சரியானதுதான், அளவு சிறுநீரகம் வேலை செய்பவருக்கானது. டயாலிசிஸ் செய்து மருந்து இறங்கிய பிறகுதான் தெளிந்தார். எந்த டாக்டரிடம் போனாலும் வாயைத் திறந்ததும் முதலில் "எனக்கு சிறுநீரகப் பிரச்சினை" என்று சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நன்றாக இருக்கும் நாட்களில் ஒரு வாரம் தினமும் வெப்பம் பார்த்து எழுதிவையுங்கள். அதுதான் உங்கள் நார்மல். என் நோயாளி ஒருவரின் மனைவி அதைக் காலண்டரிலேயே எழுதிவைத்திருந்தார். ஒருநாள் இரவு போன் செய்தார். "டாக்டர், 99தான் காட்டுது. ஆனா இவருக்கு எப்பவும் 97 தாண்டாது. சாயங்காலத்துல இருந்து மந்தமாவும் இருக்கார்." அப்போதே வரச் சொன்னேன். எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்து, மருந்தை ஆரம்பித்து, மறுநாள் கதீட்டரையும் எடுத்துவிட்டோம். ஐ.சி.யு. பக்கமே போகாமல், ஆறாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.