சங்கத்தில் கையெழுத்துப் போடும் முன்

"அண்ணே, எங்க கம்பெனில சங்கம் ஆரம்பிக்கப் போறாங்க. கையெழுத்துப் போட்டா வேலை போயிடுமா?"

புதுச்சேரி சேதராப்பட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. கையெழுத்துப் போட்டதற்காக யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது. சங்கத்தில் சேர்ந்தால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று மிரட்டுவதே சட்டப்படி குற்றம். அதற்கு நிர்வாகத்துக்கு 10,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். இருந்தாலும் அந்தப் பதிலோடு அவரை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பல வருடம் சந்தா கட்டியவன் நான். சங்கத்தால் வந்த நல்லதையும் பார்த்திருக்கிறேன், கெட்டதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவே தருகிறது. இத்தனை காலம் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் இருந்தது. அதன் இடத்தில் 2020இல் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பதிவு செய்ய ஏழு பேராவது விண்ணப்பிக்க வேண்டும். அது மட்டும் போதாது. மொத்தத் தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 400 பேர் வேலை செய்யும் இடத்தில் 40 பேர் வேண்டும். 2,000 பேர் இருந்தாலும் 100 பேர் போதும். 50 பேர் உள்ள பட்டறையில் பத்து சதவீதம் ஐந்துதான் என்றாலும் ஏழுக்குக் குறையக் கூடாது.

இந்த உரிமை நம் ஊருக்குச் சும்மா வரவில்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. இன்று ஷிஃப்ட் முடிந்து எட்டு மணி நேரத்தில் வெளியே வருகிறோமே, அதை யாரும் தானாகத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

சரி, சங்கம் இருந்தால் கையில் என்ன கிடைக்கும்? போனஸையே எடுத்துக்கொள்வோம். சட்டம் சொல்லும் குறைந்த அளவு 8.33 சதவீதம், உச்சம் 20 சதவீதம். கேட்க ஆள் இல்லாத இடத்தில் பெரும்பாலும் 8.33ஓடு நின்றுவிடும். கணக்கைக் காட்டுங்கள், லாபம் எவ்வளவு என்று உட்கார்ந்து பேச ஒரு சங்கம் இருந்தால்தான் அது நகரும். தனி ஆளாகப் போய் "சார், 12 சதவீதம் கொடுங்க" என்று யாராலும் கேட்க முடியாது.

அதைவிடப் பெரிய உதவி, ஒருவர் மாட்டிக்கொள்ளும்போது தெரியும். எங்கள் ஷிஃப்டில் ஒருவருக்கு விளக்கம் கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ் வந்தது. மெஷினை வேண்டுமென்றே நிறுத்தினார் என்று குற்றச்சாட்டு. இரண்டு பக்க நோட்டீஸ், முழுக்க ஆங்கிலம். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் டீ இடைவேளையில் சங்கச் செயலாளர் பார்த்துவிட்டார். அன்று இரவே பதில் எழுதினார்கள். உள்விசாரணையில் பக்கத்தில் உட்கார்ந்து, மெஷின் லாக் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த நேரத்தில் மின்தடை என்று அதிலேயே எழுதியிருந்தது. சங்கம் இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்தை யார் கேட்டிருப்பார்கள்? விசாரணை நடக்கும்போது சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அதன் பிறகும் இழுத்தால் 75 சதவீதம் பிழைப்பூதியம் தர வேண்டும் என்பதும் அப்போதுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது.

இனி மறுபக்கம். சந்தா பணத்தைச் சங்கத்தின் நஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன், அது சின்ன விஷயம். உண்மையான நஷ்டம் ஸ்டிரைக்கில் வரும். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, முறையான நோட்டீஸும் தக்க காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். முன்பு மின்சாரம், போக்குவரத்து போன்ற பொதுச் சேவைகளுக்கு மட்டும்தான் முன்கூட்டி நோட்டீஸ் கட்டாயம். புதிய சட்டத்தில் எல்லாத் தொழிற்சாலைக்கும் 14 நாள் நோட்டீஸ் வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும் ஸ்டிரைக் செய்யக் கூடாது. பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டால் அதுவும் ஸ்டிரைக்தான். மீறினால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேட் மீட்டிங்கில் மைக் பிடிப்பவர் இதையெல்லாம் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த தொல்லை, ஒரு கேட்டில் நாலு கொடி. கட்சிக்கு ஒரு சங்கம், தலைவருக்கு ஒரு சங்கம். ஒரு வருடம் எங்கள் போனஸ் பேச்சு தீபாவளி தாண்டியும் முடியவில்லை. நிர்வாகம் மட்டும் காரணம் என்றால் ஒத்துக்கொள்வேன். இரண்டு சங்கங்கள், யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில் மூன்று வாரத்தைக் கழித்தன. இதற்குப் புதிய சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 51 சதவீதம் உறுப்பினர் உள்ள சங்கம் மட்டுமே பேச்சுவார்த்தைச் சங்கமாகும். அப்படி எதுவும் இல்லாவிட்டால், 20 சதவீதமாவது உறுப்பினர் உள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு குழுவாகப் பேசும். சின்னச் சங்கங்களின் குரல் இதில் அடங்கிப்போகும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் நாலு கொடிச் சண்டையில் நான் பட்ட அனுபவத்தில், ஒற்றைக் குரலுக்குத்தான் என் ஓட்டு.

சங்கத்தால்தான் மில்கள் மூடின என்று புதுச்சேரியில் டீக்கடைக்கு டீக்கடை சொல்வார்கள். ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்ற ஏ.எப்.டி. மில் 2020இல் மூடப்பட்டது. பழைய இயந்திரங்கள், 2011 தானே புயலின் சேதம், நிர்வாகத்தின் கடன் சுமை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழியைத் தொழிலாளி தலையில் மட்டும் போடுவது நியாயமே இல்லை.

என்னை உறுத்தும் குறை வேறு. டைம் ஆபீஸ் கதவில் சம்பள ஒப்பந்தத்தை ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் முதல் பக்கத்தில் உயர்வுத் தொகையைப் பார்த்துவிட்டுக் கைதட்டினோம். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "இந்த ஒப்பந்தம் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும் பொருந்தும்." அதே மெஷினில், அதே எண்ணெய்க் கறையோடு நின்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரு ரூபாய் கூட ஏறவில்லை. அவர்களில் ஒருவர் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை படித்தார். நெய்வேலியில் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துப் பல வருடம் போராட வேண்டி வந்ததும் இந்த இடைவெளியால்தான்.

ஒப்பந்தத்திலும் இரண்டு வகை உண்டு. அரசின் சமரச அதிகாரி முன் கையெழுத்தாவதை, 1947ஆம் ஆண்டின் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து இன்னும் "12(3)" என்பார்கள். அது சங்கத்தில் இல்லாதவரையும் சேர்த்து அங்குள்ள எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். நிர்வாகமும் சங்கமும் தனியாகப் போட்டுக்கொள்ளும் "18(1)" கையெழுத்திட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். எந்த வகை என்று கேட்காமல் சந்தோஷப்படாதீர்கள்.

தகராறு என்று வந்தால், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இருப்பவர்கள் தமிழக அரசின் தொழிலாளர் துறைக்கும், புதுச்சேரியில் இருப்பவர்கள் புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறைக்கும் போக வேண்டும். நெய்வேலி நிறுவனத்தின் தகராறு மத்திய அரசின் தொழிலாளர் ஆணையரகத்துக்குப் போகும். தப்பான ஆபீசில் மனுக் கொடுத்து மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்தத் தம்பியின் கம்பெனியில் 160 பேர். 16 பேர் வேண்டும், ஒன்பது பேர் போட்டிருக்கிறார்கள். போடச் சொன்னேன். அப்புறம் மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன். கணக்குப் புத்தகத்தை உறுப்பினர் எப்போது பார்க்கலாம்? சந்தாவுக்கு ரசீது உண்டா? கான்ட்ராக்டில் இருக்கும் 40 பேருக்கும் சேர்த்துப் பேசுவார்களா? முதல் இரண்டுக்கும் பதில் வந்துவிட்டதாம். மூன்றாவதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார்கள்.