சாட்சி, சான்று, கரி

ஜெபக்கூட்டத்தில் 'சாட்சி நேரம்' வந்தால் ஒருவர் மைக்கைப் பிடித்து, "கர்த்தர் செஞ்ச நன்மையைச் சாட்சியா சொல்லுறேன்" என்று தொடங்குவார். அவரே மறுநாள் கடையில் எடையைக் குறைத்தால், "கோயிலுக்குப் போறாரு, ஆனா சாட்சி இல்லையே" என்பார்கள். முன்னது வாயால் சொல்வது, பின்னது நடந்து காட்டுவது. விசுவாசத்தை ஒளிக்காமல், நாலு பேர் பார்க்க அதன்படி வாழ்வதே 'சாட்சியுள்ள வாழ்க்கை'. கோர்ட்டில் கூண்டேறுகிற சாட்சிக்கு இந்தப் பொருள் கிடையாது.

சாட்சி வடசொல். 'ச' என்றால் உடன், 'அக்ஷி' என்றால் கண்; கண்ணோடு அங்கே இருந்தவர். மீனாட்சி, காமாட்சி, விசாலாட்சி என்ற பெயர்களின் வாலில் இருப்பதும் இதே கண்தான்!

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இது 'மார்த்துஸ்'. அதுவும் முதலில் வழக்காடும் இடத்துச் சொல்தான். கல்லெறியுண்டு இறந்த ஸ்தேவானை அப்போஸ்தலர் 22:20 'உம்முடைய சாட்சி' என்கிறது. பின்னாளில் விசுவாசத்துக்காக உயிர்விட்டவர் என்ற பொருளே அதற்கு நிலைத்தது. ஆங்கில 'மார்ட்டர்' அதிலிருந்து வந்தது. தமிழில் சீர்திருத்த சபையார் (புராட்டஸ்டண்டுகள்) இரத்தசாட்சி என்றார்கள். கத்தோலிக்கர் வழக்கில் வேதசாட்சி, மறைசாட்சி. வேதம் மறையாக மாறியும் சாட்சி அசையவில்லை. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் 'மறைசாட்சி தேவசகாயம்'. 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகும் அந்த அடைமொழி அவரை விடவில்லை.

நல்ல தமிழ் 'சான்று'. யோவான் 1:7இல் பழைய மொழிபெயர்ப்பு 'சாட்சிகொடுக்க' என்ற இடத்தில் புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'சான்று பகருமாறு' என்கிறது. இதன் வேர் 'சால்': நிறைதல், போதுமானதாதல். சான்றோனும் அங்கிருந்து வந்தவனே. வடசொல் கண்டவரைக் கேட்கிறது. தமிழ்ச்சொல் நிறைந்தவரைக் கேட்கிறது. எடைக்கல்லில் கைவைக்காத கடைக்காரருக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பேன்.

இன்னும் பழையது 'கரி'. 'இந்திரனே சாலுங் கரி' என்கிறது குறள் 25. ஐந்தவித்தானின், அதாவது ஐம்புலன்களை அடக்கியவனின், ஆற்றலுக்கு இந்திரன் வந்து வாக்குமூலம் கொடுக்கவில்லை. புலனடக்கம் தவறிச் சாபம் வாங்கிய அவன் கதையே போதும் என்கிறார் வள்ளுவர். வாழ்க்கையே சாட்சி என்ற கருத்துக்கு இதைவிடக் கச்சிதமான சொல் இல்லை. ஆனால் கரி இன்று அடுப்புக்குப் போய்விட்டது, மீட்க முடியாது.

எழுத்தில் 'சான்று வாழ்வு', 'சான்று பகர்தல்' தாராளமாகப் புழங்கலாம். ஆளைக் குறிக்கத்தான் சிக்கல்: சான்றோன் வேறு பொருளில் ஊன்றிவிட்டான், எனவே அங்கே சாட்சியே இருக்கட்டும். பேச்சிலும் கைவைக்க வேண்டாம். "அவருக்கு ஊருல நல்ல சாட்சி உண்டு" என்கிற பாட்டியிடம் போய் "நல்ல சான்று" என்று திருத்தினால், "எந்த ஆபீஸ்ல வாங்குனாரு?" என்று கேட்பார்.