ஸ்பினாச்சும் பசளையும் ஒன்றல்ல

ஸ்பினாச் என்றால் பசலைக்கீரை என்று எழுதுவது பழகிப்போய்விட்டது. செடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பசளை ஒரு கொடி. வேலி கிடைத்தால் சுற்றிக்கொண்டு ஏறிவிடும். இலை தடித்திருக்கும், நசுக்கினால் விரலில் வழவழவென்று ஒட்டும். பழுத்த காயைப் பிதுக்கினால் கை செக்கச்செவேலென்று ஆகிவிடும். ஸ்பினாச்சோ தரையை ஒட்டிக் கொத்தாக இலை விடுவது. தண்டுக்கீரை, பீட்ரூட் எல்லாம் அதன் குடும்பம்தான்.

பசலையா, பசளையா? இரண்டு எழுத்தும் புழக்கத்தில் உண்டு. கன்னடத்தில் 'பஸளெ' என்று ளகரத்தோடுதான் சொல்கிறார்கள். பசலை என்றால் பிரிவுத் துயரில் தலைவியின் மேனியில் படரும் நிறவேறுபாடும் நினைவுக்கு வரும். அதற்காகவே 'பசப்புறு பருவரல்' என்று திருக்குறளில் ஓர் அதிகாரம் இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு, கீரைக்குப் பசளை என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஈழத்தில் மட்டும் ஒரு சிக்கல்: அங்கே பசளை என்றால் உரம். கீரையைப் பசளி என்பார்கள்.

பசளை என்ற பெயர் கடல் கடந்தும் போயிருக்கிறது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. மலபார்ச் செடிகளை அவற்றின் உள்ளூர்ப் பெயரோடு பதிந்த நூல் அது. அந்த வழியில் போன பெயரைத்தான் செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753இல் 'பசெல்லா' என்று இந்தக் கொடியின் பேரினப் பெயராக வைத்தார். இலத்தீன் மாதிரி ஒலித்தாலும் சரக்கு நம் பக்கத்தது.

ஸ்பினாச் என்ற சொல் பாரசீகத்தில் பிறந்தது. அங்கே அது 'அஸ்பனாக்'. அரபியில் 'இஸ்ஃபனாக்' ஆகி, ஸ்பெயின், பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கேயும் பயணம் உண்டு: 647இல் நேபாள மன்னர் சீனப் பேரரசருக்கு இந்தக் கீரையை அனுப்பியதாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. அங்கே அதற்குப் 'பாரசீகக் கீரை' என்றும் ஒரு பழைய பெயர் இருந்தது.

அப்படியானால் தமிழில் ஸ்பினாச்சை எப்படிச் சொல்வது? சந்தையில் 'பாலக்கீரை' என்கிறார்கள். இந்தியின் 'பாலக்' நம் கீரையோடு சேர்ந்த பெயர். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தனித்தமிழ் வேண்டும் என்று பசளையை இழுத்துவந்து அதன் மேல் ஒட்டுவதைவிட இந்தப் பெயரே மேல், கேட்பவருக்கு எந்தக் கீரை என்றாவது தெரியும். பசளையை அதற்கே உரிய கொடிக்கு விட்டுவிடலாம். அங்கேயும் குழப்பம் வராமல் இருக்கக் கொடிப்பசளை என்று முழுசாகச் சொல்வது நல்லது. ஏனென்றால் தரைப்பசளை என்று இன்னொன்று தரையில் படர்ந்து கிடக்கிறது, அது பருப்புக்கீரை வகை.