ஹைட்ரோஜெல்: நீர்க்களி

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கும்போது பாலோடு வழுக்கிக்கொண்டு வாயில் இறங்குமே பாதாம் பிசின், அது ஒரு ஹைட்ரோஜெல். காய்ந்த கட்டி கல் மாதிரி இருக்கும். ராத்திரி ஒரு பிடி ஊறப்போட்டால் காலையில் பாத்திரம் நிறைந்துவிடும். உறிஞ்சிய தண்ணீரை லேசில் விடாது.

'ஹைட்ரோ' தண்ணீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'ஜெல்', ஜெலட்டினின் சுருக்கம்; 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. வேர், உறைதலைச் சொல்லும் லத்தீன் சொல். உண்மையில் இங்கே எதுவும் உறைவதில்லை. நீண்ட மூலக்கூறு இழைகள் ஆங்காங்கே பிணைந்து வலையாகின்றன. தண்ணீர் அதற்குள் சிக்கிக்கொள்கிறது.

நம் குருத்தெலும்பும் ஏறக்குறைய இப்படித்தான்: முக்கால் பங்கு தண்ணீர், அதைப் பிடித்துவைக்கும் கொலாஜன் என்ற புரத வலை. அதனால்தான் செயற்கைத் திசு செய்பவர்கள் ஹைட்ரோஜெல்லை விடுவதில்லை. பிணைப்புகளைக் கூட்டினால் விறைப்பு ஏறும், குறைத்தால் இறங்கும். மூளைத் திசுவின் விறைப்பு 1 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். தசை 10-ஐ ஒட்டி வரும். 2006-இல் அமெரிக்காவில் டென்னிஸ் டிஷர் குழுவினர் குருத்தணுக்களை ('ஸ்டெம் செல்') வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களில் வளர்த்தார்கள். மூளையளவு மெத்தென்றதில் நரம்பணுச் சாயல், தசையளவில் தசையின் சாயல், இன்னும் விறைப்பானதில் எலும்பணுச் சாயல்! உட்கார்ந்த இடத்தின் மென்மையே உயிரணுவின் போக்கைத் திருப்பியிருக்கிறது.

குறை ஒன்று உண்டு. சாதாரண ஹைட்ரோஜெல் சட்டென்று கிழியும். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் ஜியான் பிங் கோங் குழு 2003-இல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலைகளைப் பின்னியது. விறைத்த வலை முதலில் அறுந்து விசையைத் தாங்கிக்கொள்ளும், இளகிய வலை நீண்டு கொடுக்கும்.

சரி, தமிழில்? 'நீர்க்கூழ்மம்' என்று சிலர் எழுதலாம். ஆனால் பாடநூலில் 'கூழ்மம்' கொலாய்டுக்குப் போய்விட்டது. பொருளும் ஒட்டாது. கேப்பைக்கூழைச் சாய்த்தால் ஓடும். கேப்பைக்களி நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றினாலும் அப்படியே நிற்கும். தண்ணீரை வைத்துக்கொண்டே வடிவம் காப்பதுதான் ஜெல் என்பதால் நீர்க்களியே பொருத்தம். களி என்றதும் ஜெயில் ஞாபகம் வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். 'ஸ்டிஃப்னஸ்' என்பதைக் கடினத்தன்மை என்று எழுதாதீர்கள், அது 'ஹார்ட்னஸ்'. விறைப்பு என்றே எழுதலாம். கண்ணில் போடும் மென்வில்லை நீர்க்களி வில்லை. தீப்புண்ணுக்குப் போடுவது நீர்க்களிக் கட்டு. கோங் குழு செய்தது இருவலை நீர்க்களி.