டயாலிசிஸ் நடுவே பிரஷர் சட்டென்று இறங்குவது ஏன்?

டயாலிசிஸ் பாதியைத் தாண்டிய பிறகு, அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் கவனிக்க வேண்டும். அடுத்தடுத்துக் கொட்டாவி வரும். நெற்றி வியர்க்கும், வயிற்றைப் புரட்டும், காது அடைத்தாற்போல் இருக்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். கண் இருட்டிக்கொண்டு வரும்போது பிரஷர் பார்த்தால், தொடக்கத்தில் 140 இருந்த மேல் அளவு 85-ல் நிற்கும். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கி, கூடவே இப்படித் தொந்தரவும் இருந்தால், சிகிச்சை தேவைப்படும் பிரஷர் இறக்கம் என்று பொருள். தொந்தரவே தெரியாமல் 90-க்குக் கீழே போனாலும் விட்டுவிடக் கூடாது. இதயமும் மூளையும் குடலும் அந்த நேரத்தில் ரத்தம் போதாமல்தான் இருக்கின்றன.

"உடம்பு டயாலிசிஸைத் தாங்கவில்லை" என்று இதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் உடம்பு தாங்காதது டயாலிசிஸை அல்ல, உடம்பில் தேங்கிய நீரை மெஷின் எடுக்கும் வேகத்தை.

70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் ஏறக்குறைய 42 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் 28 லிட்டர் செல்களுக்குள்ளே. மீதி 14 லிட்டரில் பெரும்பகுதி செல்களுக்கு இடையே திசுக்களில் தங்கியிருக்கும். ரத்தக் குழாய்க்குள் ஓடும் நீர் சுமார் மூன்று, மூன்றரை லிட்டர்தான். மெஷினால் நேரடியாகத் தொட முடிவது இந்தக் கடைசிப் பங்கை மட்டுமே. அப்படியிருந்தும் 4 மணி நேரத்தில் 3 லிட்டர் நீரை எடுக்க முடிகிறதென்றால், எடுக்க எடுக்கத் திசுக்களிலிருந்து நீர் குழாய்க்குள் வந்து சேர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம். ரத்தத்தில் உள்ள அல்புமின் புரதம் அந்த நீரை உள்ளே இழுக்கிறது. கிணற்றில் ஊற்று ஊறுவதைவிட வேகமாக மோட்டார் இறைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். சுற்றிலும் நிலத்தில் ஈரம் இருக்கும், கிணறு மட்டும் வற்றிவிடும். கால் வீக்கம் வடியாமல் இருக்கும்போதே பிரஷர் விழுவதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஊற்று தாமதிக்கும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை. ரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். இந்தத் தற்காப்பு யாருக்குக் குறைவோ அவர்களுக்கே பிரஷர் அடிக்கடி இறங்குகிறது. நீண்டகாலச் சர்க்கரை நோயில் குழாய்களைச் சுருக்கும் நரம்புகள் பழுதாகியிருக்கும். பல வருட ரத்த அழுத்தத்தால் சுவர் தடித்த இதயம், நிறைய ரத்தம் வந்து நிரம்பினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். வரத்து கொஞ்சம் குறைந்தாலும் தடுமாறும். அல்புமின் குறைந்தவர்களுக்கு ஊற்றே மெதுவானது. யூரியா வேகமாக வெளியேறும்போது ரத்தத்தின் அடர்த்தி தளர்ந்து, கொஞ்சம் நீர் எதிர்ப்பக்கமாகச் செல்களுக்குள்ளும் போய்விடுகிறது.

சூட்டின் பங்கு பலருக்குத் தெரியாது. ரத்தத்தின் அளவு குறையும்போது தோலின் குழாய்கள் சுருங்குவதால் உடல் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கும். ஓர் எல்லைக்கு மேல் உடம்பு சூட்டை இறக்கத் தோல் குழாய்களைத் திறந்துவிடும். அதுவரை இழுத்துப் பிடித்திருந்த பிரஷர் அந்த நொடியில் கைவிட்டுப் போகும். சிலருக்கு நாடி கூடுவதற்குப் பதில் திடீரெனக் குறைவதும் உண்டு: இதய அறை ஏறக்குறைய காலியாகும்போது கிளம்பும் ஒரு நரம்பு அனிச்சை, துடிப்பைக் குறைத்துக் குழாய்களையும் தளர்த்திவிடும். மெல்ல இறங்கிக்கொண்டிருந்த பிரஷர் ஒரே நிமிடத்தில் பாதாளத்துக்குப் போவது இப்படித்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

உலர் எடை, அதாவது தேங்கிய நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, 60 கிலோ. வந்து ஏறி நின்றால் 62.8. எடுக்க வேண்டியது 2.8 லிட்டர். முடிவில் மெஷினில் உள்ள ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்பும் சலைனுக்கும் (உப்பு நீர்), இடையில் குடிப்பதற்கும் சேர்த்து 300 மில்லி; ஆக 3.1 லிட்டர். 4 மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 775 மில்லி. எடையால் வகுத்தால் கிலோவுக்கு மணிக்கு 12.9 மில்லி. 13-ஐத் தாண்டுவது நல்லதல்ல என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. பிரஷர் இறங்கும் பழக்கமுள்ளவருக்கு 10-க்குள் வைப்பது நிம்மதி. இதே ஆள் "வேலை இருக்கிறது" என்று 3 மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் கணக்கு 17-க்கு எகிறும். 5 மணி நேரம் படுத்திருந்தால் 10.3-க்கு இறங்கும். மருந்தில்லாத, செலவு குறைந்த சிகிச்சை அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம்தான். அதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இறங்கிவிட்டால்

நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே: முதல் கொட்டாவியிலேயே, முதல் குமட்டலிலேயே சொல்லிவிட வேண்டும். பொறுத்துப் பார்க்கிற ஒவ்வொரு நிமிடமும் மெஷின் நீரை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது.

அருகிலிருக்கும் நர்ஸ் அல்லது டெக்னீசியன் முதலில் நீர் எடுப்பதை நிறுத்துவார், அல்லது மெஷின் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்குவார். தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, சலைன் 100 முதல் 250 மில்லி வரை ரத்தக் குழாய் வழியே விடுவார். வாந்தி வந்தால் முகத்தை ஒருபக்கமாகத் திருப்ப வேண்டும். தேவைப்பட்டால் ஆக்சிஜன். 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர், நாடி. குளுக்கோமீட்டரில் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை இறங்கினாலும் இதே வியர்வை, இதே மயக்கம்தான். பிரஷர் விழுந்ததும் ரத்த பம்ப்பின் வேகத்தைக் குறைக்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. நீர் எடுப்பை மெஷினே அளந்து கட்டுப்படுத்தும் இந்தக் காலத்தில், பம்ப்பைக் குறைப்பதால் நீர் எடுப்பு குறையாது. கழிவு வெளியேறுவதுதான் குறையும். நிலைமை மிக மோசமானால் மட்டும் அது தேவைப்படலாம்.

சலைனில் ஒரு வலையும் இருக்கிறது. 250 மில்லி சலைனில் 2.25 கிராம் உப்பு உள்ளே போகிறது. வீட்டுக்குப் போனால் தாகம், தாகத்துக்குத் தண்ணீர், அடுத்த முறை கூடுதல் எடை, அதனால் இன்னும் வேகமாக நீர் எடுப்பு, மறுபடியும் பிரஷர் இறக்கம், மறுபடியும் சலைன். உயிர் காக்க சலைன் வேண்டும்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அது தேவைப்படுகிறதென்றால், மாற்ற வேண்டியது வேறு எங்கோ இருக்கிறது.

எல்லா இறக்கமும் நீரால் வருவதல்ல. தொடங்கி முதல் கால் மணி நேரத்திலேயே பிரஷர் விழுந்தாலோ, நீர் எடுப்பை நிறுத்தி சலைன் கொடுத்தும் ஏறாவிட்டாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குளிர் நடுக்கம், முதுகு வலி கூடவே வந்தாலோ டாக்டரை உடனே அழைக்க வேண்டும். மாரடைப்பு, இதயத்தைச் சுற்றி நீர் கோத்தல், டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் குழல்) ஒவ்வாமை, நோய்த்தொற்று, ரத்தத்துக்குள் காற்று புகுதல், சிவப்பணுக்கள் சிதைதல் ஆகியவை இந்த முகத்தோடு வரும். எளிதாகத் தவறவிடப்படுவது ஊசி கழன்று ரத்தம் ஒழுகுவது. குளிருக்குக் கையைப் போர்வைக்குள் மூடியிருப்பார். ரத்தம் மெத்தையில் இறங்கிக்கொண்டிருக்கும், மெஷின் அலாரம் எப்போதும் அதைக் காட்டிவிடும் என்று நம்ப முடியாது. எவ்வளவு குளிர்ந்தாலும் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கை போர்வைக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்.

அடுத்த முறை இறங்காமல் இருக்க

எல்லோரும் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைப்பது நடக்காத காரியம். ஏறக்குறைய 8 கிராம் உப்பு உள்ளே போனால், அதைச் சமப்படுத்த உடம்பு ஒரு லிட்டர் நீரைக் கேட்டே தீரும். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு நின்றால் தாகம் தானாக அடங்கும். ரத்தத்தைச் சுத்தம் செய்ய டயலைசரில் ஓடும் டயாலிசிஸ் திரவத்தில் சோடியத்தைக் கூட்டி வைத்தால் அன்றைக்குப் பிரஷர் நிற்கும், ஆனால் அதுவும் தாகத்தையே கூட்டும் என்பதால் யோசித்துச் செய்ய வேண்டியது.

உலர் எடை கல்வெட்டல்ல. பசி திரும்பி நன்றாகச் சாப்பிட்டுச் சதை கூடியிருப்பவரிடம் பழைய எடைக்கே நீரை எடுத்தால், வீக்கமே இல்லாத உடம்பிலிருந்து பிழிவதாகிவிடும். கடைசி மணி நேரத்தில் தசைப்பிடிப்பு, பிறகு வீட்டில் நாள் முழுக்க அசதி ஆகியவை அதற்கான தடயங்கள். காய்ச்சலில் மெலிந்தவருக்கு நேர்மாறு: எடை எண் சரியாக இருக்கும், நுரையீரலில் நீர் தேங்கியிருக்கும். கனமான உடையோடும் செருப்போடும் எடை பார்த்தால் அந்தக் கூடுதல் கிராம்களையும் மெஷின் நீராகவே எண்ணி எடுத்துவிடும்.

டயாலிசிஸ் திரவத்தின் வெப்பநிலையை 36.5 அல்லது 37 டிகிரியிலிருந்து 36-க்கோ 35.5-க்கோ இறக்கினால் தோல் குழாய்கள் சுருங்கியே இருந்து பிரஷர் தாங்கும். ஆனால் யூனிட்டில் எல்லோருக்கும் ஒரே கொள்கையாகக் குளிர்த்துவதால் பெரிய பலன் இல்லை என்று 2022-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. குளிரால் அவதிப்பட்டவர்களும் அதில் கூடுதல். எனவே அடிக்கடி பிரஷர் இறங்குபவருக்கு மட்டும் முயன்று பார்க்கலாம்.

சாப்பிட்டதும் ரத்தம் குடல் பக்கம் திரும்பும் என்பதால், இறங்கும் பழக்கமுள்ளவர்கள் மெஷினில் இருக்கும்போது வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றிலும் வரக் கூடாது. காலையில் போடும் பிரஷர் மாத்திரையை டயாலிசிஸ் நாளில் முடிந்த பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். தானாக நிறுத்துவது ஆபத்து: இதயத் துடிப்புக்காகக் கொடுக்கும் மாத்திரைகளைத் திடீரென விட்டால் வேறு சிக்கல் வரும். இத்தனையும் செய்து பார்த்தும் நிற்காதவர்களுக்கு, தொடங்க அரை மணி முன்பு, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மிடோட்ரின் மாத்திரை கொடுப்பதுண்டு.

பிரஷர் இறங்கிய நாளில் முடிந்ததும் சட்டென்று எழுந்து நிற்கக் கூடாது. படுக்கையிலேயே காலைத் தொங்கவிட்டுச் சில நிமிடம் உட்கார்ந்து, பிறகு நின்று, நின்றபடி ஒருமுறை பிரஷர் பார்த்துவிட்டே நடக்க வேண்டும். அன்று இரவு படுக்கும் முன் ஃபிஸ்டுலாமேல் விரல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிரஷர் தாழ்ந்த நேரத்தில் ஓட்டம் மந்தமாகி ரத்தம் உறைந்து ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளலாம். அதிர்வு இல்லையென்றால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காமல் உடனே யூனிட்டுக்குச் சொல்ல வேண்டும். அடைப்பை எவ்வளவு சீக்கிரம் நீக்குகிறோமோ அவ்வளவுக்கு அந்த ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.