டோல்கீனிடம் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?

பதிப்பகத்துக்கு வரும் ஃபேண்டஸி கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் தேர்வு செய்வது என் வேலை. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீனை அணுகும் விதத்தில், புதிதாக எழுதுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. "டோல்கீன் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிடுவார்களோ எனப் பயந்து நல்ல கதையைப் பாதியில் விடுகிறவர்கள் ஒரு ரகம். அவர் கதைகளில் வரும் ஹாபிட் என்ற குட்டி மனிதர்களையும் பால்ராக் என்ற நெருப்பு அரக்கனையும் பொதுச்சொத்து என்று நினைத்து அள்ளிப்போடுகிறவர்கள் இன்னொரு ரகம்.

முதல் ரகத்துக்கு நான் காட்டுவது டெர்ரி புரூக்ஸ் 1977இல் எழுதிய 'தி ஸ்வார்ட் ஆஃப் ஷன்னாரா'. பள்ளத்தாக்கில் நிம்மதியாக வாழும் இளைஞன், திடீரென வந்து நிற்கும் மர்ம மனிதர், வடக்கே தலைதூக்கும் தீயசக்தி, எல்ஃபும் குள்ளரும் சேர்ந்த பயணக் குழு. 1954-55இல் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் எலும்புக்கூடேதான். நகல் என்று திட்டும் வாங்கியது, விற்பனையிலும் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் முடிவைப் பாருங்கள். டோல்கீனில் தீயசக்தியின் மந்திர மோதிரத்தை அழித்தால்தான் விடிவு. புரூக்ஸின் வாளோ யாரையும் வெட்டி ஜெயிப்பதில்லை. அது தீண்டியவருக்குத் தன்னைப் பற்றிய உண்மை முழுவதும் தெரிந்துவிடும். எப்போதோ செத்துப்போய், உயிரோடிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் மட்டும் நடமாடும் வில்லன் அந்த உண்மை தாங்காமலே அழிகிறான். (பழைய கதைதானே, முடிவைச் சொன்னதற்குக் கோபிக்காதீர்கள்.) வாங்கிய கடனுக்கு இது நியாயமான வட்டி.

சட்டமும் இங்கே துணைதான். கதைக் கருவுக்கும் கதைப்போக்குக்கும் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் சொல்லிவிட்டது.

இரண்டாவது ரகத்துக்குத்தான் எச்சரிக்கை. 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் முதலில் டோல்கீனின் ஹாபிட், என்ட் (நடமாடும் மர மனிதர்), பால்ராக் எல்லாம் இருந்தன. டோல்கீன் படைப்புகளின் உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்ததும் ஹாஃப்லிங், ட்ரீயன்ட், பேலர் என்று மாற்ற வேண்டியதாயிற்று. எல்ஃபும் குள்ளரும் தப்பித்தார்கள், அவர்கள் பழைய ஐரோப்பிய நாட்டார் கதைகளின் ஆட்கள். டோல்கீனே 'தி ஹாபிட்' நாவலின் குள்ளர் பெயர்களையும் மந்திரவாதி கேண்டால்ஃபின் பெயரையும் பழைய நார்ஸ் கவிதையான வோலுஸ்பாவில் இருந்துதான் எடுத்தார். அந்தக் கிணறு எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

அவருடைய எழுத்து அப்படியல்ல. அவர் இறந்தது 1973இல். இந்தியச் சட்டப்படி அடுத்த 60 ஆண்டு, அதாவது 2033 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. வணிகமுத்திரைச் சிக்கல் தனி.

சரி, பிரதி அனுப்பும்போது தனித்தாளில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, முன்னோடிக் கதையிலிருந்து உங்கள் முடிவு எங்கே விலகுகிறது. நான் முதலில் படிப்பது அந்தத் தாளைத்தான்.